சௌசெஸ்குவின் தன்வரலாறு: விளக்கக் குரல் இல்லாத மூன்று மணி நேரம்

ருமேனியாவை 1965 முதல் 1989 வரை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் நிக்கோலே சௌசெஸ்குவைப் பற்றி ஆந்த்ரே உஜிகா இயக்கிய ஆவணப்படம் ‘நிக்கோலே சௌசெஸ்குவின் தன்வரலாறு’ (2010). ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படத்தில் விளக்கக் குரல் கிடையாது, நேர்காணலும் கிடையாது. ஆயிரம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட பழைய படச்சுருள்களிலிருந்து இது தொகுக்கப்பட்டது. அவற்றில் பெரும்பகுதி அரசே தன் தலைவரைப் புகழ்வதற்காக எடுத்து வைத்தவை. ‘தன்வரலாறு’ என்ற பெயரின் பொருள் இதுதான்: அவர் தன்னை எப்படிக் காண விரும்பினாரோ, அப்படியே காட்டுகிறது படம்.

1989 டிசம்பர் 25 அன்று தர்கோவிஷ்தே நகரில் நடந்த அவசர விசாரணையில் படம் தொடங்குகிறது. தேசியப் பேரவைக்கு மட்டுமே பதில் சொல்வேன் என்று சௌசெஸ்கு மறுக்கிறார். அன்றே அவரும் மனைவி எலெனாவும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அங்கிருந்து படம் 1965க்குத் தாவி, முந்தைய தலைவர் கெயோர்கியு-தேஜின் இறுதி ஊர்வலத்தைக் காட்டுகிறது.

படத்தின் நேர்மை 1968 ஆகஸ்ட் காட்சியில் தெரிகிறது. சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்ததைப் புகாரெஸ்ட் சதுக்கத்தில் அவர் வெளிப்படையாகக் கண்டிக்கிறார். அன்று எழுந்த ஆரவாரத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. உஜிகா அதை மறைக்கவில்லை. கொடுங்கோலன் என்றாலே தொடக்கத்திலிருந்தே வெறுக்கப்பட்டவன் என்று எண்ணிக்கொள்ளும் நம் வசதியான பழக்கத்தை இக்காட்சி குலைக்கிறது. அடுத்து 1971இல் வட கொரியப் பயணம். பியோங்யாங்கில் ஆயிரக்கணக்கானோர் ஓருடலாக அசைந்து அளிக்கும் வரவேற்பை அவர் பார்க்கிறார். பின்னாளில் ருமேனியாவில் வளர்ந்த தனிமனித வழிபாட்டுக்கு இப்பயணம் ஒரு தூண்டுதல் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. படம் அதைச் சொல்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே வகை அணிவகுப்புகள் ருமேனிய மைதானங்களில் வரும்போது நாமே இணைத்துக்கொள்ள வேண்டும்.

1979 கட்சி மாநாட்டுக் காட்சியைத் தனியே குறிப்பிட வேண்டும். கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான, 84 வயது கான்ஸ்டாண்டின் பர்வுலெஸ்கு எழுந்து, சௌசெஸ்குவை மீண்டும் தேர்ந்தெடுப்பதை எதிர்க்கிறார். உடனே அரங்கம் முழுவதும் தலைவரின் பெயரை முழங்கி, அந்த முதியவரின் குரலை அமுக்குகிறது. பயம் ஒரு கூட்டத்தில் எப்படி வேலை செய்யும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

ஆனால் ‘ஆவணங்களே பேசுகின்றன’ என்று இப்படத்தைப் பாராட்டுவதில் கொஞ்சம் கவனம் தேவை. மூலச் சுருள்களில் பல ஒலியற்றவை. காலடிச் சத்தம், கூட்டத்தின் முணுமுணுப்பு போன்றவை பின்னர் சேர்க்கப்பட்டன. விளக்கக் குரல் இல்லையே தவிர, இயக்குநரின் தலையீடு இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை வேறு. மக்கள் இதில் கையசைக்கும் கூட்டமாகவே வருகிறார்கள். வெளிநாட்டுக் கடனை அடைப்பதற்காக 1980களில் உணவுப்பொருள்கள் ஏற்றுமதி செய்யப்பட்டன. உள்நாட்டில் ரேஷன் வந்தது. குளிர்காலத்தில் வீடுகளின் வெப்பமும் மின்சாரமும் குறைக்கப்பட்டன. தலைவரைத் தொடர்ந்த கேமரா அந்த வீடுகளுக்குள் போகவில்லை. இந்த வரலாறு தெரியாத மாணவர் இப்படத்தை மட்டும் பார்த்தால், வேட்டையாடி, வாலிபால் ஆடி, நிக்சனோடு கைகுலுக்கிய ஒரு வேடிக்கை மனிதராகவே சௌசெஸ்கு மனத்தில் தங்கிவிடக்கூடும்.

ஆகவே ஃப்ளோரின் யெபானின் ‘ஆணையின் குழந்தைகள்’ (2005) படத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கருக்கலைப்பைத் தடைசெய்த 1966ஆம் ஆண்டின் 770ஆம் ஆணையைப் பற்றியது அது. மறு ஆண்டே பிறப்புகள் ஏறத்தாழ இருமடங்காயின. 1989க்குள் இரகசியக் கருக்கலைப்புகளால் ஏறத்தாழ 10,000 பெண்கள் இறந்தனர் என்பது மதிப்பீடு. அரசுச் சுருள்களில் இல்லாத வாழ்க்கையை, அதை அனுபவித்தவர்களே இங்கே சொல்கிறார்கள். கலைநயத்தில் உஜிகாவின் படத்துக்கு இணையல்ல. தகவலில் அதைவிடத் தேவையானது.

உஜிகாவே ஹாருன் ஃபாரொக்கியுடன் இணைந்து 1992இல் எடுத்த ‘ஒரு புரட்சியின் வீடியோகிராம்கள்’ படத்தில் விளக்கக் குரல் உண்டு. 1989 டிசம்பர் 21 அன்று சௌசெஸ்குவின் உரை நேரலையாக ஒளிபரப்பாகும்போது கூட்டத்தில் கூச்சல் எழுகிறது. அரசுத் தொலைக்காட்சியின் கேமரா அங்கே திரும்பவில்லை, வானத்தைக் காட்டுகிறது. அது ஏன் என்பதை அந்தக் குரல் பொறுமையாக விளக்குகிறது. புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் அந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்.