புள்ளி பார்த்துப் பூட்டிய செயினும் பின் போட்டுப் பூட்டும் செயினும்

உச்சிப்புளியிலிருந்து தெற்கே கடலைப் பார்த்துப் போனால் புதுமடம். மன்னார் வளைகுடாக் கரையில் படகு இன்ஜினை மணலிலேயே பிரித்து மாட்டும் கைகளுக்குப் பஞ்சமில்லை. இந்தக் கரையில் ஒருவர் தன் காரின் டைமிங் செயினை வீட்டு வாசலிலேயே மாற்ற முனைவது இயல்பானதுதான். அந்தத் துணிச்சல் எந்த இன்ஜினுக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது செயின். கணக்கு பெரிதாகப் பிசகினால், இன்றைய பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் மேலேறும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் முட்டும்.

பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் இந்த வேலை எளிது. கேம் ஷாஃப்ட் பிளாக்கிலேயே இருந்தது. ரேடியேட்டரையும் கிராங்க் புல்லியையும் கழற்றி முன்மூடியைத் திறந்தால் செயின் கண்ணுக்கு நேரே தெரியும். இரண்டு பல்சக்கரங்களிலும் அடித்திருக்கும் புள்ளிகளை எதிரெதிரே நிறுத்தி மாட்டிவிடலாம். 'செயின் மாத்துறது வீட்டு வேலைதான்' என்ற நம்பிக்கை அத்தகைய இன்ஜின்களில் பிறந்தது.

2007இல் மாருதி ஸ்விஃப்ட் டீசலில் வந்த ஃபியட்டின் 1248 சிசி இன்ஜின் வேறு இனம். டிசையர், டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புண்டோ எனப் பல வண்டிகளில் அதுவே உட்கார்ந்தது. 2020 ஏப்ரலில் மாருதி டீசலைக் கைவிட்ட பின்னும் அந்த வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் செயினைத் தொட, சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, மவுண்டைப் பிரித்து, ஆயில் சம்பையும் முன்மூடியையும் இறக்க வேண்டும். கண்ணால் குறி பார்ப்பது போதாது. கேம் ஷாஃப்டுகளையும் கிராங்கையும் அதற்கென உள்ள லாக்கிங் பின்களால் பூட்டியே மாட்ட வேண்டும்.

வீட்டில் செய்வதன் நன்மை கூலி மிச்சத்தோடு முடிவதில்லை. சொந்த வண்டிக்காரர் அவசரப்படமாட்டார். செயினோடு டென்ஷனர், கைடு, பல்சக்கரம் எல்லாம் அடங்கிய முழு கிட்டையும் வாங்கி மாட்டுவார். கழற்றிய கைடில் எங்கே தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். அந்த அறிவு வண்டி இருக்கும்வரை உதவும்.

குறையும் அதே வாசலில்தான் இருக்கிறது. கடற்காற்று அள்ளி வரும் மணல் திறந்த இன்ஜினுக்குள் போனால் பேரிங் தேயும். முன்மூடியில் தாராளமாகத் தடவிய சீலன்ட் உள்ளே பிதுங்கி, பிய்ந்து, சம்பில் உள்ள ஆயில் சல்லடையை அடைக்கும். பழுது சில மாதம் கழித்துத்தான் தெரியும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை மதிப்பில் இறுக்கிய பல்சக்கர போல்ட் நழுவினால், மிச்சம் பிடித்த கூலியைப் போலப் பல மடங்கு வால்வுக்கும் ஹெட்டுக்கும் போகும். வடித்த பழைய ஆயிலை மணலில் ஊற்றினால் அது ஆழமில்லாத நன்னீர்க் கிணறுகளுக்கே கேடு. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளுக்கு எதிர்க்கரை இது என்பதும் நினைவிருக்க வேண்டும்.

ஆகவே தீர்ப்பு ஆளைப் பொறுத்தது மட்டுமல்ல, இன்ஜினையும் பொறுத்தது. அம்பாசடரை வாசலில் தாராளமாகப் பிரிக்கலாம். 1248 சிசி டீசலை, பின் செட்டும் டார்க் ரெஞ்சும் நாலு பக்கமும் மறைப்புள்ள கொட்டகையும் இருந்தால் மட்டும் தொடலாம். மாட்டியதும் பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தடையின்றி நுழைகின்றனவா என்று பார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அது வீட்டு வேலையே அல்ல.

செயின் 'நீளுகிறது' என்பது இரும்பு இழுபடுவதல்ல. கண்ணிகளின் பின்னும் புஷ்ஷும் தேய்வது. அழுக்கேறிய ஆயில் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தும். டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி கலகலவென்று சத்தம் கேட்டால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வருபவரின் கார் பல மாதம் ஓடாமல் நின்றிருக்கும். கிலோமீட்டர் ஏறவில்லை என்றாலும் ஆயிலுக்குக் கெடு முடிந்திருக்கும். வந்த முதல் வாரத்திலேயே கையேடு சொல்லும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வடித்த ஆயிலைக் கேனில் அடைத்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுப்பதற்கு லாக்கிங் பின் எதுவும் தேவையில்லை.