சன்னிலேண்ட்ஸ்: கண்ணாடிக்கு வெளியே இருக்கும் புல்

கலிபோர்னியாவின் ரான்ச்சோ மிராஜ் ஊரில் பாப் ஹோப் சாலையும் ஃப்ராங்க் சினாட்ரா சாலையும் சந்திக்கிற இடத்தில் நீளமாக ஒரு இளஞ்சிவப்பு மதில். உள்ளே 200 ஏக்கர். பத்திரிகை முதலாளி வால்டர் ஆனன்பர்க்கும் மனைவி லியோனோரும் குளிர்காலத்தில் வந்து தங்கக் கட்டிய சன்னிலேண்ட்ஸ் இதுதான். வீடு 1966-ல் முடிந்தது. 2013-ல் ஒபாமாவும் ஷி ஜின்பிங்கும் டை கட்டாமல் நடந்துகொண்டே பேசியது இங்கேதான். வழிகாட்டிகள் இந்த வரிசையில் நிறைய பெயர் சொல்வார்கள். எனக்கு வீடுதான் முக்கியம்.

கட்டியவர் ஏ. குவின்சி ஜோன்ஸ். கூரையின் விளிம்பு சுவரைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிற்கிறது. வெயில் கண்ணாடியை நேராகத் தொடக்கூடாது என்பதற்காக. உள்ளே எரிமலைக்கல் சுவர், மேலே மறைக்காத உத்தரங்கள், நடுமுற்றத்தில் ரோதானின் ஏவாள் சிலை. பாலைவனம் என்றால் என்னன்னு தெரிஞ்ச ஆள் போட்ட வீடு, சந்தேகமே இல்லை.

ஆனா அந்தக் கண்ணாடி வழியா எதைப் பார்க்கிறோம்? பச்சைப் புல்வெளி, ஏரிகள், கோல்ஃப் மைதானம். உள்ளும் புறமும் ஒன்று என்பதுதானே நவீனக் கட்டடக்கலை திரும்பத் திரும்பச் சொன்னது? இங்கே அந்தப் 'புறமே' செட்டு போட்டது. வருஷத்துக்கு ஐந்து அங்குலம் மழை பெய்தாலே அதிகம் என்கிற பள்ளத்தாக்கு இது. நிலத்தடி நீர் போதாமல் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் வருகிறது. கூரை வெயிலை ஒப்புக்கொள்கிறது, தரை அப்படி ஒன்றே கிடையாது என்கிறது. இந்த முரணைச் சுற்றுலாவில் 'சோலை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இதே ஜோன்ஸ்தான் ஜோசப் ஐக்லருக்காக நடுத்தரக் குடும்பங்களுக்கு வரிசை வரிசையாக வீடு வரைந்தவர். அங்கேயும் இதே கண்ணாடிச் சுவர், இதே உத்தரம். அங்கே சின்ன இடத்தில் வெளிச்சத்தைக் கொண்டுவந்த யோசனை, இங்கே விருந்தாளிகளை அசத்தப் பயன்படுகிறது. சுவரில் தொங்கும் வான் கோ, மோனே எல்லாம் இப்போது நகல்கள். அசல்கள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நகல் என்பதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. உண்மையில் படங்களை விட்டுட்டு அறையைப் பார்க்க வசதியாத்தான் இருந்தது.

2012-ல் திறந்த பார்வையாளர் மையத் தோட்டம் வேறு கதை. ஒன்பது ஏக்கர், ஜேம்ஸ் பர்னெட் வடிவமைத்தது. கற்றாழை, ஆனைக் கற்றாழை, உருண்டைக் கள்ளி என்று வறட்சி தாங்கும் செடிகளை வான் கோ ஓவியத்தின் தூரிகைக் கோடுகள் மாதிரி நட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு வயலைக் கள்ளியில் வரைவது கொஞ்சம் விசித்திரம்தான். ஆனாலும் செடி அந்த மண்ணுக்கு ஒத்தது. பாலோ வெர்டே மரத்தைப் பாருங்கள்: தண்ணீர் இல்லையென்றால் இலையை உதிர்த்துவிட்டுப் பச்சைப் பட்டையாலேயே உணவு தயாரித்துக்கொள்ளும்.

வீட்டைப் பார்க்கக் கட்டணம் உண்டு, முன்பதிவும் வேண்டும். தோட்டம் இலவசம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் தோட்டத்துக்கே போவேன், வசந்தத்தில் பாலோ வெர்டே மஞ்சளாகப் பூக்கும்போது.