ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

பாகான் செராய் கடைத்தெருவில் ஏதாவதொரு வங்கிக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ போய்ப் பாருங்கள். கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கும். நேரம், சுத்தம் செய்தவரின் கையெழுத்து, சூப்பர்வைசரின் கையெழுத்து என்று கட்டங்கள் இருக்கும். எட்டு மணி, பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. நான்கு மணிக் கையெழுத்து சில நாள் மத்தியானமே விழுந்திருக்கும். அதைக் காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. ஐந்து தடவை என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

அழுக்கைப் பார்த்து யாரும் அந்தக் கணக்கைப் போடவில்லை. குத்தகை ஆவணத்தில் கட்டடத்தின் பரப்பளவும் ஆள் எண்ணிக்கையும் இருக்கும். வேலைகள் தினம், வாரம், மாதம், மூன்று மாதம் என்று பிரிக்கப்பட்டிருக்கும். விலை குறைத்துக் கேட்பவர் கைக்குக் குத்தகை போவது வழக்கம். ஈப்போவில் ஒரு கட்டடத்துக்கு எழுதிய பட்டியல், ஊர்ப் பெயர் மட்டும் மாறி இங்கே வந்து இறங்குவதில் வியப்பில்லை.

ஆனால் ஈப்போவின் தூசி வேறு, பாகான் செராய் இருக்கும் கிரியான் வட்டாரத்தின் தூசி வேறு. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பி 1906-இல் கட்டி முடித்த பாசனத் திட்டம்தான் இந்தப் பக்கத்தை நெல் பூமியாக்கியது. இன்று ஆண்டுக்கு இரண்டு போகம். அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்டால் சுணைத்தூசி சன்னல் இடுக்கெல்லாம் ஏறும். பிறகு வைக்கோல் எரித்த கரித்தூள் வரும். மழைக்காலத்தில் வாசலிலிருந்து கவுண்டர் வரை சேற்றுத் தடம். ஓய்வூதியம் கணக்கில் ஏறும் நாளில் வங்கிக்குள் நிற்க இடமிருக்காது. பட்டியலுக்கு இதெல்லாம் தெரியாது. சன்னல் மாதம் ஒரு முறை என்றால் ஒரு முறைதான், அது அறுவடைக்கு முந்தின நாளாக இருந்தாலும்.

காரணத்தோடு பிறந்த கணக்கையும் இந்த நாட்டுத் தமிழர்கள் பார்த்திருக்கிறார்கள். மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-இல் கிள்ளானில் மலேரியாவை எதிர்த்து வடிகால் வெட்டத் தொடங்கினார். பின்னால் மலையடிவார ரப்பர்த் தோட்டங்களில் ஓடைகளுக்கும் கான்களுக்கும் எண்ணெய் தெளிப்பது தனி வேலையாகவே ஆனது. வாரம் தவறாமல் தெளிக்க வேண்டும். கொசு முட்டையிலிருந்து வெளிவந்து, நீரில் புழுவாக வளர்ந்து, சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த எண்ணெய் விழுந்துவிட்டால் ஒரு தலைமுறையே அழியும். பத்து நாளுக்கு ஒரு தடவை என்று மாற்றியிருந்தால் எண்ணெய்ச் செலவு மிஞ்சியிருக்கும், வேலை வீணாகியிருக்கும். ஏழு நாள் என்பதைக் கொசுதான் முடிவு செய்தது, தோட்டத் துரை அல்ல. இன்று ஏடிஸ் கொசுவை ஒழிக்க வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்வதும் அதே கணக்குத்தான். பூந்தொட்டித் தட்டு, கூரைத் தண்ணீர்க்கால், குளிர்சாதனப் பெட்டியின் வடிதட்டு இவற்றைப் பல துப்புரவுப் பட்டியல்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தரை மட்டும் நாள்தோறும் பளபளக்கிறது.

தரை பளபளப்பது வருகிறவர் கண்ணில் படும். கை படும் இடம் கண்ணில் படாது. ஸ்காட்லாந்தில் ஸ்டெஃபனி டான்சர் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனை வார்டுக்கு ஒரே ஒரு துப்புரவாளரைக் கூடுதலாகப் போட்டார்கள். கைகள் அடிக்கடி தொடும் பரப்புகளில் நுண்ணுயிர் அளவு 32.5 விழுக்காடு குறைந்தது. அலுவலகம் வார்டு அல்லதான். ஆனாலும் கதவுப் பிடி, பணமெடுக்கும் இயந்திரத்தின் பொத்தான், கவுண்டரில் நூல் கட்டி வைத்த பேனா ஆகியவற்றை எத்தனை தடவை துடைப்பது என்பதுதான் முதலில் எழுத வேண்டிய வரி.

அதற்காக எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்டோரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் எழுதினார்கள்: துப்புரவு வேலை செய்த பெண்களுக்கு நுரையீரலின் திறன் மற்றவர்களைவிட வேகமாகக் குறைந்திருந்தது. காற்றோட்டமில்லாத கழிவறையில் தேவையில்லாமல் ஆறாவது தடவை ஊற்றப்படும் குளோரின் யாருடைய மூச்சுக்குள் போகிறது?

இப்போது நாகரிகமாக இருப்பது வேறு முறை. தடவைக் கணக்கை விட்டுவிடு, விளைவைப் பார் என்கிறார்கள். அமெரிக்காவில் ஆப்பா என்ற கல்வி நிறுவனக் கட்டட நிர்வாகிகள் சங்கம் தூய்மையை ஐந்து நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஐரோப்பாவிலும் தரத்தை அளக்க நெறிமுறைகள் இருக்கின்றன. பெரிய கட்டடங்களில் கழிவறைக்குள் போகிறவர்களை உணர்கருவி எண்ணி, இத்தனை பேருக்குப் பின் துப்புரவாளருக்குத் தகவல் அனுப்புகிறது. அறிவுக்குப் பொருத்தமான முறை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஓய்வூதிய நாளையும் வெறிச்சோடிய புதன்கிழமையையும் அது பிரித்துப் பார்க்கும்.

எனக்கு உதறல் எடுப்பது நம் நாட்டுக் குத்தகை முறையை நினைத்துத்தான். 1996-இல் மருத்துவமனைத் துப்புரவு தனியார் கைக்குப் போனது. பள்ளிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அதே வழிதான். குத்தகை கைமாறும்போது அதே கட்டடத்தில் அதே மோப்பைப் பிடித்திருக்கும் அக்கா புதிய கம்பெனிக்குப் புதிய ஆளாகிறார். வேலைச் சட்டப்படி ஐந்து ஆண்டு தொடர்ந்தால் 16 நாள் ஆண்டு விடுப்பு உண்டு. பதினைந்து ஆண்டு கூட்டிப் பெருக்கியவருக்கும் மீண்டும் 8 நாளிலிருந்து தொடங்குகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதம் 1,500 ரிங்கிட், 2025 பிப்ரவரியில் 1,700. உயர்ந்தது நியாயம்தான். குத்தகைத் தொகை அதற்கேற்ப ஏறாவிட்டால் குத்தகையாளர் முதலில் கை வைக்கக்கூடியது ஆள் எண்ணிக்கையில்தான். இருவர் செய்ததை ஒருவர் செய்வார். அட்டையில் கையெழுத்து மட்டும் ஐந்தாகவே இருக்கும். மத்தியானமே விழும் நான்கு மணிக் கையெழுத்தை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

இந்த நிலையில் "எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும்" என்று மட்டும் ஒப்பந்தத்தில் எழுதினால், அந்த ஒருவரின் வேலைக்கு எல்லையே இல்லாமல் போகும். பட்டியல் எத்தனை மந்தமானதாக இருந்தாலும், "என் வேலை இவ்வளவுதான், இதில் இல்லாததைச் செய்யச் சொல்லாதீர்கள்" என்று அவர் விரல் வைத்துக் காட்டக்கூடிய தாள் அது ஒன்றுதான். வாய் திறந்து கேட்பது எளிதல்ல. 2020 ஜூன் 2-ஆம் நாள் ஈப்போ மருத்துவமனை முன் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் செய்த தொழிற்சங்கத்தினர் ஐவர் கைது செய்யப்பட்டதை இந்த மாநிலம் பார்த்திருக்கிறது.

ஆகவே அட்டையைக் கிழிக்கச் சொல்ல மாட்டேன். குறைந்த அளவு இது என்று அது இருக்கட்டும். அறுவடை வாரங்களுக்கும் மழை மாதங்களுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். அதை எழுதும்போது அந்த அக்காவும் மேசையில் உட்கார வேண்டும், எந்தச் சன்னலில் எப்போது கரி படியும் என்று அவருக்குத்தான் தெரியும். கூடுதல் தடவைக்குக் கூடுதல் ஆள் யார் செலவில் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பேச்சுவார்த்தை அந்தக் கடைசி வரியில்தான் முறியும். கட்டட உரிமையாளர் குத்தகையாளரைக் காட்டுவார், குத்தகையாளர் டெண்டர் விலையைக் காட்டுவார்.