கூத்துக்கும் கல்லூரியா?

நடிப்பு என்பது கலைமகள் கொடுத்த வரம் என நம்பும் நாட்டில், அதைக் கல்லூரியில் படிக்கலாம் என்றால் நகைப்போரே மிகுதி. "கூத்தாடவும் பட்டமா?" என்பது அவர்தம் கேள்வி. விடை கூற உப்பூருக்கு அழைக்கிறோம், தோழர்களே!

இராமநாதபுரத்திலிருந்து தொண்டி செல்லும் சாலையில் உள்ள கடற்கரை ஊர் அது. இராமன் வந்து விநாயகனை வணங்கினான் என்று தலபுராணம் பேசுவோர் பேசட்டும். நாம் காட்ட விரும்புவது அச்சீமையின் திருவிழா இரவுகளில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மற்றோர் ஊர். தனித்தனியே அழைக்கப்பட்டு அன்றிரவுதான் மேடையில் சேர்கின்றனர். கூடி ஒத்திகை பார்ப்பதில்லை. ஆயினும் வள்ளி திருமணம் விடியும்வரை தடையின்றி நடக்கிறது! பாட்டும் வசனமும் முறையும் ஒவ்வொருவர்க்கும் பாடம். இது வரமா? பயிற்சியன்றோ!

அப்பயிற்சிக்கு வித்திட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918இல் மதுரையில் அவர் அமைத்த பால சபையில் சேர்ந்தபோது டி.கே. சண்முகத்திற்கு ஆறு வயது. பாய்ஸ் கம்பெனிகளே அன்றைய நாடகக் கல்லூரிகள், எம்.ஆர். இராதாவும் அங்கு வளர்ந்தவரே. கற்ற கலை கருத்தோடு கலந்ததும் ஆட்சி அஞ்சிற்று. 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே பிறந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என உயர்நீதிமன்றம் உரைக்க 2013 வரை காத்திருந்தோம். வெறும் பொழுதுபோக்குக்கு எவரும் சட்டம் போடுவரோ?

இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சுவாமிகள் பெயராலேயே நிகழ்கலைப் பள்ளி உண்டு. மகிழ்கிறோம். ஆனால் பெயர்ப்பலகை போதாது. நான்கு வேதங்களிலிருந்து பிரமன் நாடகத்தைப் படைத்தான் என்னும் நாட்டிய சாத்திரக் கதையைக் கதையாகவே கற்பியுங்கள். வரலாறு என்று புகட்டாதீர். ஸ்டானிஸ்லாவ்ஸ்கியைப் படிக்கும் மாணவன், முப்பது ஆண்டு ராஜபார்ட் கட்டியவரிடமும் பாடம் கேட்கட்டும். பட்டமில்லை என்று அவரை வாயிலில் நிறுத்துவது கல்வியாகாது.

மேடைக்காரரும் மாணவரிடம் கற்க வேண்டியதுண்டு. புராணத்தையே சுற்றும் கதையும், பெண்ணை இழித்துக் கைதட்டல் வாங்கும் பபூன் நகைச்சுவையும் எத்தனை காலத்திற்கு? ஏன், எதற்கு எனக் கேட்கும் துணிவைக் கல்லூரி தரட்டும்.

எல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஸ்திரீபார்ட் கட்டும் பெண்ணை விடியவிடிய ரசிக்கும் ஊர், விடிந்ததும் அவளை ஏசுகிறது. அவள் மகளுக்கும் அந்த இழிவைச் சுமத்துகிறது. அம்மகள் கல்லூரி சென்று, நடிப்பும் ஒளியமைப்பும் இயக்கமும் கற்று, தலைநிமிர்ந்து அதே மேடையில் ஏறினால் ஏசும் வாய்கள் என் செய்யும்? நாடகக் கல்வியின் பயனை அளக்க நாம் கொள்ளும் அளவுகோல் அதுவே. இளைஞர்காள், அவளுக்கு விண்ணப்பப் படிவம் வாங்கிக் கொடுப்பதும் சீர்திருத்தப் பணிதான்!