வெட்டி ஒட்டிய அழகு

பழைய மோட்டார் வண்டியை அறுத்து உருமாற்றிக் காட்சிக்கு வைப்பதைக் கலை என்று ஒப்புக்கொள்ள நம் தோழர் சிலருக்கு மனம் வருவதில்லை. செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகின்றனர். நாம் அப்படித் தள்ளத் தயாராக இல்லை. கூரையை அறுத்துத் தாழ்த்தவும், தகட்டைச் சூடேற்றி வளைக்கவும் சிற்பியின் கண்ணும் கொல்லனின் கையும் வேண்டும். நமது கேள்வி வேறு: அந்தக் கலை யார் பெயரில் வாழ்கிறது?

1951ஆம் ஆண்டு மெர்க்குரி வண்டியொன்றை 1952இல் கலிபோர்னியாவில் பாரிஸ் சகோதரரின் பட்டறை உருமாற்றியது. இத்துறையின் காவியம் என்றே அதனைப் போற்றுவர். அப்பட்டறையில் தகட்டு வேலையின் வல்லவர் சாம் பாரிஸ். ஆயினும் வண்டிக்கு நிலைத்த பெயர், காசு கொடுத்த ஹிரோஹாட்டாவினுடையது!

ஊவாவின் மேட்டு வீதிகள் நன்கறிந்த மொரிஸ் மைனரின் கதை இன்னும் சுவையானது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி ஒடுங்கித் தெரிகிறது என்று கருதினார். நெடுக்காக இரண்டாகப் பிளந்து, 4 அங்குலம் அகற்றிச் சேர்க்கச் செய்தார். எஞ்சின் மூடியின் நடுவே ஓடும் அகன்ற பட்டை அந்த வெட்டின் அடையாளம். சேர்த்த இடத்தை மறைக்காத அந்த நேர்மையே அதன் அழகு என்போம். பட்டி பூசித் தேய்த்து, கைபட்ட சுவடே தெரியாமல் வண்ணமடித்து நிறுத்தும் காட்சி வண்டிகளில் நமக்கு இந்த நிறைவு கிட்டுவதில்லை.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மீண்டும் மீண்டும் வந்த இலங்கையில் பழைய வண்டிகளைச் சாகவிடாமல் காத்தது டிங்கர் வேலைக்காரனின் சுத்தியல். 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய 5 ஆண்டுகள் கார் இறக்குமதி நின்றிருந்ததை வாசகர் அறிவர். பதுளையிலும் பண்டாரவளையிலும் அந்தச் சுத்தியலைப் பிடிப்போரில் தோட்டத்து லயங்களிலிருந்து இறங்கி வரும் இளைஞரும் உண்டு.

மொரிஸ் மைனர் உலகுக்கு அறிமுகமான 1948இலேதான் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களுடைய மூதாதையரை நாடற்றவராக்கியது. வண்டி அகன்றது; 10க்கு 12 அடி லயக்காம்பிரா அகலவில்லை. பகலில் பிறருடைய வண்டிக் கூரையை அறுத்துச் சேர்க்கும் அதே கை, தன் வாசலில் நான்கு தகரம் போட்டு இறக்கம் கட்ட நினைத்தால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக்குக் காத்துநிற்க வேண்டும். மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் ஒரு குடும்பம் எழுப்பியிருந்த தற்காலிகக் குடில் 2023 ஓகஸ்டில் இடித்துத் தள்ளப்பட்டதை நாடே பார்த்தது.