பருத்திக் குண்டிகையும் பல்கலைக் கழகமும்

நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறிய நன்னூலார், ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய குடத்தில் பஞ்சை அடைப்பதும் அரிது. அடைத்ததை வெளியே எடுப்பதும் அரிது. டாக்டர் பட்டத்திற்காக ஆண்டுக் கணக்கில் நூல்களைத் துருவி, ஏடு ஏடாய்க் குறிப்பெடுத்து, ஒருநாள் பல்கலைக் கழக வகுப்பில் வந்து நிற்கும் இளம் அறிஞர் சிலரைக் காணுங்கால் இவ்வுவமையே நினைவிற்கு வருகின்றது.

இதற்கு மாறான சான்று கோலாலம்பூரிலேயே உண்டு. 1961இல் மலாயாப் பல்கலைக் கழக இந்திய இயல் துறைத் தலைவராக வந்த தனிநாயக அடிகளார், வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராய் இருந்துகொண்டே பண்டிதர் ஒருவரிடம் தமிழ் பயின்றவர். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தபோது அவர்க்கு வயது 32. 1952 முதல் இலங்கைப் பல்கலைக் கழகத்தில் கல்வியியல் கற்பித்தார். அப்பணிக் காலத்திலேயே இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து 1957இல் டாக்டர் பட்டம் பெற்றார். கற்பித்தலும் ஆராய்தலும் அவரிடம் ஒன்றையொன்று வளர்த்தன.

அதன் பயனை, அண்ணாமலையில் அவர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து உருவாகி 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘லாண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்னும் நூலில் காணலாம். ஐந்திணையை அறியாத பிறநாட்டாரையும் அது கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றது. கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு, சங்கப் புலவர்க்கு நிலம் வெறும் காட்சியன்று, மாந்தர் உணர்வின் களம் என்பதைத் தெளிவாக்குகின்றது. எனினும் ஒரு குறை சொல்லவேண்டும். உலக இலக்கியத்தை ஒருசேர நோக்கும் அவ்வேகத்தில், ஒரு பாட்டின்முன் நின்று சொல் சொல்லாய்ச் சுவைக்கும் அமைதி குறைகின்றது. தமிழ் மாணவர்க்கு அக்குறையை வகுப்பாசிரியரே நிரப்புதல் வேண்டும்.

இன்று ஆய்வு செய்வோர், “உதவித்தொகை முடியும் முன் ஏட்டை முடிக்க வேண்டாமா? வகுப்பெடுக்க நேரம் எங்கே?” என்று கேட்பது நியாயமே. ஆயினும் ஏட்டைப் படித்துத் தீர்ப்பளிப்போர் துறை அறிந்த சிலர்; வகுப்பில் வந்து அமர்வோரோ கிள்ளான் தோட்டத்திலிருந்தும் பிரிக்பீல்ட்ஸ் தெருவிலிருந்தும் வரும் பிள்ளைகள். குறிஞ்சி நிலத்தைக் கண்டிராத அவர்களுக்கு ரப்பர்க் காட்டையும் செம்பனையையும் காட்டித் திணையை விளக்கத் தெரிய வேண்டாமா? ஏட்டின் ஓர் இயலையேனும் ஆறாம் படிவ மாணவர்முன் எளிய தமிழில் சொல்லிப் பார்த்தல் நன்று. மாணவன் விளங்காமல் விழிக்கும் இடம், பெரும்பாலும் ஆய்வாளர்க்கே தெளிவுபடாத இடமாக இருக்கும். அதைத் திருத்தினால் ஏடும் சிறக்கும்.

இது பல்கலைக் கழகத்தோடு முடியும் செய்தியன்று. அங்குத் தமிழ் கற்றவர் பலர் பள்ளிகளுக்கு ஆசிரியராய் வருகின்றனர். அவர்கள் பெற்றதே நம் பிள்ளைகளுக்குக் கிட்டும். குண்டிகையில் பஞ்சு நிறைந்திருப்பது குற்றமன்று. வாய் குறுகியிருப்பதே குற்றம். பட்டத்திற்கு உழைக்கும் காலத்திலேயே அதை அகலமாக்கிக் கொள்வார்களாக.