பழைய இரும்பின் ஒலி

வால்வு ப்ரீஆம்ப் கட்டுபவர்கள் பெரும்பாலும் வால்வைப் பற்றியே பேசுகிறார்கள். இசிசி83 போன்ற வால்வு இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. எனக்கோ, கழித்துப்போட்ட ஒலிபரப்புக் கருவியிலிருந்து கழற்றியெடுத்த மைக் டிரான்ஸ்ஃபார்மர்தான் பொக்கிஷம். சுற்று விகிதம் 1:10 என்றால் மின்னழுத்தம் பத்து மடங்கு ஏறும். அதாவது 20 டெசிபல். அதற்கு மின்சப்ளையே வேண்டாம், இரைச்சலும் மிகக் குறைவு. 200 ஓம் மைக், வால்வின் கிரிட்டுக்கு 20,000 ஓமாகத் தெரியும். கிரிட் கரண்ட் இழுப்பதில்லை என்பதால் இது அருமையான பொருத்தம்.

1950களில் ஜெர்மன் வானொலிக்காக உருவான வி72 ப்ரீஆம்ப் இந்த வழியில் வந்ததுதான்: இரண்டு பென்டோடு வால்வுகள், உள்ளீட்டில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வெளியீட்டில் இன்னொன்று. அதன் வி72எஸ் வகை லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவின் மிக்ஸரில் இருந்தது. பீட்டில்ஸின் ஆரம்பகாலப் பதிவுகள் அதன் வழியே போனவை!

பழைய கருவியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றும்போது பதமாகக் கையாள வேண்டும். கீழே விழுந்தால் மியூ-மெட்டல் உறையின் காந்தத் தடுப்புத் திறன் குறைந்துவிடும். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதும் வேண்டாம். அதன் சிறு டிசி கூட உள்ளிரும்பைக் காந்தமாக்கக்கூடும். சில மில்லிவோல்ட் ஏசி கொடுத்து விகிதத்தை அளப்பதே நல்லது. பிறகு மைக் டிரான்ஸ்ஃபார்மரைப் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி வைத்து, மெல்லத் திருப்பித் திருப்பி, ஹெட்போனில் உறுமல் அடங்கும் கோணத்தைத் தேடுவேன். எனக்கு மிகப் பிடித்த வேலை அது. கோணம் கிடைக்கும்வரை ஸ்க்ரூவை முடுக்க மாட்டேன்.